தமிழுக்கு டாட் மேட்ரிக்ஸ் தலைப்பெழுத்துரு: கட்டம் எத்தனை, புள்ளி எவ்வளவு பெரிது?

#1 புள்ளிக்கட்டம்

வணக்கம். பழைய டாட் மேட்ரிக்ஸ் அச்சின் சாயலில் ஒரு தமிழ்த் தலைப்பெழுத்துரு வரைகிறேன். சுவரொட்டித் தலைப்பு, இணையப் பக்க முகப்பு, 16 வரிசை எல்இடி பலகை ஆகிய மூன்றுக்கும் ஒரே குடும்பம் போதும் என்பது திட்டம்.

இப்போதைய அளவுகள்: எம் (எழுத்து வரையும் சதுரத்தின் உயரம்) 1000 யூனிட், நெடுக்கே 10 புள்ளி, ஒரு புள்ளியின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை (இனி இதை பிட்ச் என்கிறேன்) 100 யூனிட், புள்ளி விட்டம் 80. ஆங்கில எழுத்துகள் 5×7 கட்டத்தில் சுத்தமாக உட்கார்ந்துவிட்டன. தமிழில் நான்கு இடத்தில் இடிக்கிறது.

க, ண, ஞ மூன்றும் உள்ளே அடைத்துக்கொண்டு கட்டியாகத் தெரிகின்றன. மெய்யெழுத்தின் புள்ளி மற்ற புள்ளிகளோடு கலந்து காணாமல் போகிறது. இணையத்தில் 35 பிக்சலில் வைத்தால் சில புள்ளி கூர்மையாகவும் சில மங்கலாகவும் வருகின்றன. திரையில் கறுப்புப் பின்னணியில் பளிச்சென்று இருப்பது, வெள்ளைத் தாளில் கறுப்பாக அச்சிட்டால் வெளிறிப்போகிறது. எங்கே தொடங்கித் திருத்துவது?

#2 மூன்றுசுழி

கட்டத்திலிருந்து தொடங்குங்கள். 10 வரிசை தமிழுக்குப் போதாது, எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வரைந்தாலும் போதாது. காரணத்தை எண்ணிப் பார்த்தே சொல்லிவிடலாம்.

க-வை எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கோட்டுக்கு 1 வரிசை, அதன் கீழ் இடைவெளி 2, இடது வயிற்றின் மேல்வளைவுக்கு 1, உள்வெளி 2, அடிவளைவுக்கு 1. அங்கேயே 7 ஆயிற்று. நடுத்தண்டின் அடி வயிற்றுக்குக் கீழே சற்று இறங்கி நின்றால்தான் க என்று கண் ஒப்புக்கொள்ளும், அதற்கு இன்னொன்று. ஆக உடலுக்கு 8. மேலே புள்ளிக்கும் இகரக் கொக்கிக்கும் 3. கீழே ர, ற, ழ வால்களுக்கும் உகர ஊகாரச் சுழிப்புக்கும் 4. கூட்டினால் 15. வரிக்கு வரி முட்டாமல் இருக்க மேலே ஒரு வெற்று வரிசை. மொத்தம் 16. நீங்கள் சொன்ன எல்இடி பலகையின் உயரமும் அதுவே என்பது நல்வாய்ப்பு.

அகலத்தில் எல்லா எழுத்துக்கும் ஒரே கட்டம் என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். இரண்டு சுழி ன-வும் மூன்று சுழி ண-வும் ஒரே அகலத்தில் இருந்தால் ஒன்று நீட்டி இழுத்ததாகவும் மற்றது நசுங்கியதாகவும் இருக்கும். சுழிக்குள் 1 புள்ளி மட்டும் வெற்றிடம் விட்டால் தூரத்தில் அடைந்துவிடும். 2 விட்டால் திறந்து நிற்கும். அப்படியானால் ஒரு சுழி கூடும்போது தண்டு 1, வெற்றிடம் 2, மொத்தம் 3 புள்ளி கூட வேண்டும். ன குறுக்கே 9 என்றால் ண 12. ட, ப, ம, ர ஆகியவை 7, 8 போதும். துணைக்கால் 4 அல்லது 5.

குழம்புகிற ஜோடிகளைத் தனியாக ஒரு வரியில் தட்டிச் சோதியுங்கள்: ர–ா, எ–ஏ, ெ–ே, கி–கீ, ன–ண. ர-வின் வால் உடலுக்குக் கீழே குறைந்தது 3 புள்ளியாவது சாய்ந்து இறங்க வேண்டும்; 1 புள்ளி வால் என்பது துணைக்கால்தான். கீ-யில் கொக்கியின் நுனியை ஒரு புள்ளி உள்ளே மடிப்பது போதாது. கொக்கியையே ஒரு புள்ளி அகலப்படுத்தி, உள்ளே ஒரு வெற்றிடம் விட்டு மடித்தால்தான் கி-யிலிருந்து பிரிந்து தெரியும்.

ழு, ளு வரையும்போது கீழே 4 வரிசைக்குள் அடங்கவில்லை என்று ஐந்தாவது வரிசை கேட்காதீர்கள். வாலைக் கீழே இழுக்காமல் பக்கவாட்டில் ஓடவிடுங்கள். எழுத்து 2 புள்ளி அகலமாகும், பரவாயில்லை.

#3 ஒன்பது_ஊசி

கட்டத்துக்கு முன்னாலேயே முடிவு செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது: எந்தக் கருவியின் சாயல்? "டாட் மேட்ரிக்ஸ்" என்று ஒரே பெயரில் நான்கு வேறு கருவிகளைக் கலக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் புள்ளி விட்டத்துக்கும் பிட்ச்சுக்கும் உள்ள விகிதம் வேறு. பார்த்தவுடன் "இது அச்சு", "இது பலகை" என்று கண் பிரிப்பது அந்த விகிதத்தை வைத்தே.

9 ஊசி அச்சுப்பொறி: 1980-இல் வந்த எப்சன் எம்எக்ஸ்-80 வகை. ஊசிகள் நெடுக்கே 1/72 அங்குலம், அதாவது 0.353 மிமீ இடைவெளியில் நிற்கும். நாடாவின் மை பரவுவதால் தாளில் விழும் புள்ளி ஏறத்தாழ அதே அளவு. நெடுக்கில் புள்ளிகள் தொட்டுக்கொள்ளும். விகிதம் 1.0 அல்லது சற்றுக் கூட.

எல்இடி பலகை: 10 மிமீ பிட்ச்சில் 5 மிமீ விளக்கு. விகிதம் 0.5.

கவிழ்தட்டுப் பலகை: ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் கறுப்பு என்று காந்தத்தால் புரளும் வட்டத் தகடுகள். 0.9 அளவில் இடத்தை ஏறத்தாழ நிரப்பிவிடும்.

எழுத்து எல்சிடி: வட்டமே இல்லை. 16×2 திரையில் (வரிக்கு 16 எழுத்து, 2 வரி) பரவலாகக் காணும் அளவு 0.55×0.65 மிமீ புள்ளி, 0.60×0.70 மிமீ பிட்ச். நின்ற செவ்வகம், நடுவே மயிரிழை இடைவெளி.

உங்கள் 0.8 இந்த நான்கில் எதுவும் இல்லை. அச்சின் சாயல் என்றால் 1.0-க்குப் போங்கள், பலகை என்றால் 0.5–0.6. இரண்டும் வேண்டுமென்றால் விட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் அச்சு (axis) ஒன்றை வைத்து மாறும் எழுத்துருவாக (variable font) ஆக்குங்கள். கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள டோட்டோ அப்படித்தான் 6×10 கட்டத்தில் புள்ளி அளவையும் வட்டத்தன்மையையும் தனித்தனி அச்சாக வைத்திருக்கிறது. அதில் தமிழ் கிடையாது.

இன்னொன்று. 9 ஊசி அச்சில் கட்டம் சதுரம் அல்ல. அங்குலத்துக்கு 10 எழுத்து என்னும் அளவில் குறுக்கே புள்ளிக்குப் புள்ளி 1/60 அங்குலம் (0.423 மிமீ), நெடுக்கே 1/72. அதாவது குறுக்கே 20 விழுக்காடு தளர்ச்சி. சதுரக் கட்டத்தில் வரைந்த எழுத்துரு "ஏதோ சரியில்லை" என்று தோன்றுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

#4 வளைகோடு

உங்கள் மூன்றாவது சிக்கலுக்கு வருகிறேன். 1000 யூனிட்டில் பிட்ச் 100 என்றால் 35 பிக்சலில் ஒரு பிட்ச் 3.5 பிக்சல். ஒன்றுவிட்டு ஒரு புள்ளி பிக்சல் எல்லையில் சரியாக விழும், அடுத்தது பாதியில் விழும். மங்கல் அதனால்தான். புள்ளியின் வடிவத்தில் பழுதில்லை.

16 வரிசைக்குப் போவதால் எம்-ஐ 2048 ஆக்குங்கள். பிட்ச் 128, அரைப்படி 64, கால்படி 32. எதிலும் பின்னம் வராது. மேலேற்றம் 12 × 128 = 1536, கீழிறக்கம் 4 × 128 = 512, வரி இடைவெளி 0. அப்போது எழுத்தளவை 16-ஆல் வகுத்தால் கிடைப்பது பிட்ச்சின் பிக்சல். 48 என்றால் 3, 64 என்றால் 4.

64 பிக்சலை முதன்மை அளவாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். திரையின் உருப்பெருக்கம் 1.25 என்றால் பிட்ச் 5, 1.5 என்றால் 6, 1.75 என்றால் 7, 2 என்றால் 8. எங்கும் முழு எண். 48 பிக்சல் 1.25-இல் 3.75 ஆகிக் கெட்டுவிடும். திரை அகலத்தைப் பொறுத்து எழுத்தளவு வழுக்கிக்கொண்டே மாறுகிற அலகுகளை இந்த எழுத்துருவுக்குப் பயன்படுத்தவே கூடாது; திரை அகலத்துக்கு ஏற்ப 64, 128, 192 என்று படிப்படியாகத் தாவ விடுங்கள். வரியுயரமும் 1/16-இன் மடங்காக இருக்கட்டும்: 1.0, 1.125, 1.25. நடுவில் ஒழுங்கு செய்த தலைப்பு அரைப் பிக்சலில் போய் நிற்கும், அதையும் கவனியுங்கள். பிட்ச் 3 பிக்சலுக்குக் கீழே போனால் புள்ளி புள்ளியாகத் தெரியாது, வெறும் சாம்பல் கோடுதான்.

தானியங்கி ஹின்டிங்கை முழுவதும் அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு வட்டத்தையும் தனித்தனியே பிக்சலுக்கு இழுத்து முட்டை வடிவமாக்கும். உலாவி போலியாகத் தடிமனும் சாய்வும் சேர்ப்பதையும் தடுத்துவையுங்கள். போலித் தடிமன் புள்ளிகளை ஒட்டவைத்துவிடும்.

எழுத்துருக் கோப்பின் உள்ளமைப்பு முக்கியம். ஒவ்வொரு எழுத்திலும் வட்டங்களை வரைந்து வைக்காதீர்கள். "புள்ளி" என்று ஒரே ஒரு கிளிஃப் (எழுத்துருக் கோப்பில் உள்ள ஒரு தனி வடிவம்) வரைந்து, அதன் மையத்தைச் சரியாக 0,0-இல் வைத்து, எல்லா எழுத்தையும் அதன் பிரதிகளாக அடுக்குங்கள். ட்ரூடைப் வடிவில் ஒரு பிரதிக்கு 8 பைட் போதும். ப-வுக்கு 21 புள்ளி என்றால் 168 பைட்டும் ஒரு சிறு தலைப்பகுதியும். வட்டங்களாகவே வைத்தால் 4, 5 மடங்காகும். அதைவிடப் பெரிய ஆதாயம்: விட்டம் மாறும் அச்சுக்குத் தேவையான திரிபுத் தரவு அந்த ஒரே கிளிஃபுக்கு மட்டும் போதும். மையம் 0,0-இல் இருப்பதால் புள்ளி தன் இடத்திலேயே பருக்கும், இளைக்கும். எழுத்தின் அகலம் மாறவே மாறாது. சுட்டியைக் கொண்டுபோனால் எழுத்து தடிக்கும் மாதிரி முகப்பில் வைத்தாலும் வரி நகராது. மூலையை 0,0-இல் வைத்து வரைந்தவர்களுக்குப் புள்ளி பருக்கும்போது எழுத்தே மேல்வலதாக நகரும். பிறகு எல்லாப் பிரதிகளையும் இடம் மாற்ற வேண்டிவரும்.

#5 புள்ளிக்கட்டம்

2048-க்கு மாற்றிவிட்டேன். க இப்போது மூச்சு விடுகிறது. மெய்யெழுத்துப் புள்ளியில்தான் இன்னும் நிற்கிறேன். ஒற்றைப் புள்ளியாக வைத்தால் தூசி மாதிரி இருக்கிறது. 2×2 வைத்தால் ப, ட, ம போன்ற 7 அகல எழுத்துகளில் நடுவே உட்கார மறுக்கிறது.

#6 மூன்றுசுழி

ஒற்றைப் புள்ளி வேண்டாம். எழுத்து முழுவதும் புள்ளியாலேயே ஆனது. அதில் "இது வேறு புள்ளி" என்று சொல்ல அளவு ஒன்றுதான் வழி. மெய்யும் உயிர்மெய்யும் அந்த ஒரு புள்ளியில்தான் பிரிகின்றன. பலகையில் ஒரு விளக்கு செத்துப்போனால் "கல்" என்பது "கல" ஆகிவிடும். 2×2 என்றால் ஒரு விளக்கு போனாலும் மூன்று மிச்சம்.

4 புள்ளி வைரம் (மேல், கீழ், இடம், வலம், நடுவில் வெற்றிடம்) ஒற்றைப்படை அகலத்தில் அழகாக நடுவில் வரும். ஆனால் அது 3 வரிசை உயரம். மேலே நமக்கு இருப்பதே 3. வைரத்தின் அடிப்புள்ளி க, த, ச எழுத்துகளின் தலைக்கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். 2×2 என்றால் புள்ளிக்கு 2 வரிசை, கீழே 1 வெற்று வரிசை. கணக்கு சரியாக இருக்கிறது.

ப்:

○○○●●○○
○○○●●○○
○○○○○○○
●○○○○○●
●○○○○○●
●○○○○○●
●○○○○○●
●○○○○○●
●○○○○○●
●○○○○○●
●●●●●●●

பாருங்கள், அரைப் புள்ளி வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. இடப்பக்கம் சாய்ந்தால் முந்தைய எழுத்தோடு சேர்ந்துவிடுகிற தோற்றம் வரும், வலப்பக்கம் சாய்ந்தால் அந்த எழுத்திலேயே நிற்கும். ஆனால் விதி ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். ப் வலமாகவும் ட் இடமாகவும் போனால் வரியே நடுங்குவது மாதிரி தெரியும்.

#7 ஒன்பது_ஊசி

பலகையில் அப்படியே வையுங்கள், வேறு வழி கிடையாது. ஆனால் எழுத்துருவில் அரைப்படி இருக்கிறதே! பழைய அச்சுப்பொறிகள் இதைத்தான் செய்தன. 10 எழுத்து அளவில் ஒரு எழுத்தின் இடம் 6 முழுப்படி, அதாவது 12 அரைப்படி. ஊசி அரைப்படியிலும் அடிக்கலாம். ஒரே கட்டுப்பாடு: ஒரே வரிசையில் அடுத்தடுத்த இரண்டு அரைப்படியில் அடிக்க முடியாது. அடித்த ஊசி திரும்பி வருவதற்குள் தலை அடுத்த அரைப்படிக்குப் போய்விடும். வேறு வேறு வரிசை என்றால் வேறு ஊசி, தடையில்லை.

ஆகவே 2×2-ஐ 64 யூனிட் இடப்பக்கம் தள்ளுங்கள், ப்-இன் நடு மையத்தில் வந்து உட்காரும். அந்தக் கருவி அனுமதித்த இடம்தான், சாயலுக்குப் பங்கமில்லை.

இதே அரைப்படி சாய்கோடுகளையும் காப்பாற்றும். சதுரக் கட்டத்தில் நேர்கோட்டில் புள்ளிகளின் தூரம் 1 பிட்ச், 45 பாகைச் சாய்வில் 1.41 பிட்ச். அதனால்தான் ஆங்கில எக்ஸ், தமிழ் ர-வின் வால், ழ-வின் கீழ்வளைவு எல்லாம் மற்ற இடத்தைவிட மெலிந்து தெரிகின்றன. ஒரு வரிசைக்கு அரைப்படி நகர்த்திச் சாய்த்தால் தூரம் 1.12. தடிமன் சமமாகிவிடும். சந்தையில் கிடைக்கும் பல டாட் மேட்ரிக்ஸ் எழுத்துருக்களில் அரைப்படியே இல்லை; அவை அச்சுப்பொறியைப் பார்க்காமல் எல்இடி பலகையைப் பார்த்து வரைந்தவை.

#8 ஓடும்பலகை

பலகைப் பக்கத்திலிருந்து சில விஷயம் சொல்றேன். நீங்க சொல்ற பலகை பி10 வகைன்னா (10 மிமீ பிட்ச்) ஒரு தொகுதி 32×16 விளக்கு, 320×160 மிமீ. 512 விளக்கு, ஒரு நிறம்னா நினைவகத்துல 64 பைட். தமிழ் எழுத்து சராசரியா 9, 10 புள்ளி அகலம், நடுவுல 1 இடைவெளி. ஒரு தொகுதிக்கு மூணு எழுத்துதான். நாலு தொகுதி சேர்த்தாதான் ஒரு வார்த்தை நிம்மதியா நிக்கும். இல்லைன்னா ஓட விடணும். 30 மில்லிசெகண்டுக்கு ஒரு நெடுவரிசை நகர்ந்தா நொடிக்கு 33 புள்ளி, ஏறக்குறைய மூணு எழுத்து. அதுக்கு மேல வேகம் வச்சா ண-வும் ன-வும் ஒண்ணாத்தான் தெரியும்.

அகலத்தை எல்லாத்துக்கும் 8-ன்னு வச்சா நிரல் எழுதறது சுலபம். இதுல மூன்றுசுழி சொல்றதோட நான் ஒத்துப்போறதுக்குக் காரணம், 8-ல ண வரைஞ்சு பலகையில ஏத்தினா பத்தடியிலயே கட்டியாயிடும். அதனால ஒவ்வொரு எழுத்துக்கும் அகலம்னு ஒரு பைட் முன்னால வையுங்க, அதுக்கப்புறம் வரிசைத் தரவு. 8 அகலத்துக்குள்ள இருந்தா வரிசைக்கு 1 பைட், 9-லேர்ந்து 16 வரைக்கும் 2 பைட். மேல இருக்கற ப்-ல பக்கத் தண்டு வரிசை பதினாறெண்ணில (hex) 82, புள்ளி வரிசை 18. பிடிஎஃப் (BDF, புள்ளிக்கட்ட எழுத்துருவுக்கான உரைக்கோப்பு) கோப்புல எழுத்துருவை வச்சிருந்தீங்கன்னா இதே எண்ணுதான் அதுலயும் இருக்கும். அதுலேர்ந்தே பலகைத் தரவு, எழுத்துரு ரெண்டையும் சின்ன நிரல் வச்சு எடுத்துடலாம். ஒரே மூலம் வச்சிருக்கறது ரொம்ப முக்கியம். இல்லைன்னா ஒரு இடத்துல திருத்தி இன்னொரு இடத்துல விட்டுடுவீங்க.

கொ, கோ, கௌ எல்லாம் பலகையில நீங்களே பிரிச்சு அடுக்கணும். யூனிகோட்ல க-வுக்கு அப்புறம் ொ வரும். பலகைக்கு அனுப்பறதுக்கு முன்னால ொ-வை ெ, ா-ன்னு ரெண்டாப் பிரிச்சு, ெ-யை க-வுக்கு முன்னால கொண்டுவரணும். கு, கூ மாதிரி ஒட்டி வர்றதுக்கு 18 மெய்க்கும் ரெண்டு ரெண்டா 36 வடிவம் தனியா வரைஞ்சு வச்சுக்கணும். டி, டீ-யும் தனியா.

16×2 எழுத்து எல்சிடில தமிழ் போடலாமான்னு நிறைய பேர் கேப்பாங்க. அந்தத் திரையை ஓட்டற எச்டி44780 சில்லுல சொந்த எழுத்துக்கு இடம் 64 பைட், 5×8-ல எட்டே எட்டு. க-வுக்கே ரெண்டு கட்டம் வேணும், ரெண்டுக்கும் நடுவுல கண்ணாடியிலயே இடைவெளி இருக்கு, கோடு உடைஞ்சு தெரியும். 128×64 வரைகலைத் திரைக்குப் போயிடுங்க. 16 வரிசை எழுத்து சரியா நாலு வரி வரும்.

#9 அச்சுமை

வெள்ளைத் தாளில் வெளிறுவதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. விட்டம்/பிட்ச் விகிதத்தின் வர்க்கத்தை 0.785-ஆல் பெருக்கினால் கோட்டின் பரப்பில் மை எத்தனை பங்கு என்று வரும். 0.5 என்றால் 20 விழுக்காடு. உங்கள் 0.8 என்றால் 50. 0.9 என்றால் 64. தொட்டுக்கொண்டு நிற்கும் 1.0-இலும் 79 தான்.

புள்ளிகள் கலந்து தெரியும் தூரத்தில், 50 விழுக்காடு மை என்பது பாதிச் சாம்பல் கோடு. இணைய அணுகுமை வழிகாட்டியின் (WCAG) ஒளிர்வு வேறுபாட்டுச் சூத்திரத்தில் போட்டால் வெள்ளையில் கறுப்பு: 1.05 ÷ 0.55, அதாவது 1.9. கறுப்பில் வெள்ளை: 0.55 ÷ 0.05, அதாவது 11. அதே எழுத்து, அதே புள்ளி. பின்னணி மாறியதில் ஆறு மடங்கு வித்தியாசம். பெரிய எழுத்துக்கு வழிகாட்டி கேட்பது 3, சாதாரண எழுத்துக்கு 4.5. விகிதம் 1.0-இலும் வெள்ளைத் தாளில் 4-ஐ எட்டுவதில்லை.

எனவே வெள்ளைப் பின்னணிக்கு 1.0-க்குக் குறையாமல் வையுங்கள், அல்லது சதுரப் புள்ளிக்குப் போங்கள். மெல்லிய புள்ளிதான் வேண்டுமென்றால் பின்னணியைக் கறுப்பாக்குங்கள். 0.5 விகிதத்தில்கூட கறுப்பில் வெள்ளை 5 வரும். வெளிர்நிறத் தாளில் நடுநிறப் புள்ளி என்ற சேர்க்கையைத் தொடவே வேண்டாம்.

கலந்து தெரியும் தூரம் எவ்வளவு என்பதற்கும் எளிய வழி உண்டு. கண் பிரித்தறியும் எல்லை ஏறத்தாழ 1 கோணமணித்துளி (பாகையில் அறுபதில் ஒரு பங்கு). பிட்ச்சை 3438-ஆல் பெருக்குங்கள். 3 மிமீ பிட்ச்சில் அச்சிட்ட சுவரொட்டியின் புள்ளிகள் 10 மீட்டரில் கலந்துவிடும். 10 மிமீ பலகை 34 மீட்டரில். புள்ளிகள் புள்ளிகளாகவே தெரிய வேண்டும் என்றால் பார்க்கும் தூரத்தை 3438-ஆல் வகுத்து வருவதை இரண்டு மடங்காவது ஆக்கிப் பிட்ச் வையுங்கள். தலைப்பின் அளவை இதிலிருந்துதான் முடிவு செய்ய வேண்டும்: 5 மீட்டர் தூரத்துச் சுவரொட்டி, பிட்ச் 3 மிமீ, 16 வரிசை, வரி உயரம் 48 மிமீ.

வெட்டு வேலைகளுக்குத் தனிக் கவனம். வினைல் ஒட்டுத்தாளில் 4 மிமீக்குக் குறைந்த வட்டம் களையெடுக்கும்போது (வேண்டாத தாளை உரித்தெடுக்கும்போது) பிய்ந்து வரும். ப ஒன்றுக்கே 21 வட்டம். ஒரு வாசகத்துக்கு நூற்றுக்கணக்கில் வரும். புள்ளிகளை ஒட்டாமல், பின்னணித் தாளில் புள்ளிகளைத் துளையாக வெட்டி, அந்தத் தாளை ஒரே துண்டாக ஒட்டுங்கள். வேலை வெகுவாகக் குறையும். உலோகத் தகட்டில் துளையிட்டுப் பின்னால் விளக்கு வைப்பதானால் துளை விட்டமும் இரண்டு துளைக்கு நடுவே மிஞ்சும் உலோகமும் தகட்டின் தடிமனுக்குக் குறையக் கூடாது. 2 மிமீ தகடு, 5 மிமீ பிட்ச், 3 மிமீ துளை என்றால் நடுவே 2 மிமீ மிஞ்சும். விகிதம் 0.6. வெளிச்சம் வழியும்போது 0.6 தாராளம்.

#10 புள்ளிக்கட்டம்

அச்சுமை, அந்த 1.9-க்கும் 11-க்கும் உள்ள இடைவெளி எனக்குப் பெரிய விடை. அச்சடிக்க 1.05, திரைக்கு 0.7, பலகைச் சாயலுக்கு 0.5 என்று விட்டம் மாறும் ஒரே அச்சில் மூன்று நிலை வைக்கிறேன். 1.05-இல் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுமே, அதில் சிக்கல் வருமா?

#11 வளைகோடு

வரும், இரண்டு இடத்தில். சில திரை வரைவிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தை மெல்லிய வெள்ளைக் கீற்றாகக் காட்டும். கூட்டுக் கிளிஃபின் முதல் பிரதியில் "மேற்படிவு உண்டு" என்ற கொடியை ஏற்றிவையுங்கள், அது சரியாகிவிடும். எல்லா வட்டமும் ஒரே திசையில் சுற்ற வேண்டும். ஒரே கிளிஃபின் பிரதிகள் என்பதால் அது தானே அமையும், பிரதியைக் கண்ணாடிபோல் திருப்பாதவரை.

வெட்டுப்பொறிக்குப் போகும் கோப்பில் மேற்படிவே கூடாது. கத்தி ஒவ்வொரு வட்டத்தையும் தனியாகச் சுற்றி, புள்ளிக்குள் புள்ளியாக வெட்டிவிடும். அதற்குமுன் எல்லாவற்றையும் ஒன்றிணைத்துவிடுங்கள், அல்லது 0.9-க்குக் கீழே வைத்துக் கொடுங்கள்.

இன்னும் சில. தமிழுக்கான வடிவமாற்று விதிகளை பழைய, புதிய இரண்டு எழுத்துமுறைக் குறிகளின் (taml, tml2) கீழும் பதியுங்கள். ஒன்றை விட்டால் ஏதோ ஒரு செயலியில் கு என்பது க-வும் உகரமுமாகப் பிரிந்து நிற்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளியை நங்கூரம் (ஒட்டும் இடத்தைக் காட்டும் குறி) வைத்து ஏற்றாமல் 18-ஐயும் தனிக் கிளிஃபாகவே வையுங்கள். கிரந்தத்துக்கும் அப்படியே. அரைப்படி இடம் உங்கள் கையில் இருக்கும். கெர்னிங் (சில எழுத்து ஜோடிகளுக்கு மட்டும் இடைவெளியைக் கூட்டிக் குறைப்பது) வேண்டவே வேண்டாம். வைத்தே தீர வேண்டுமென்றால் 128-இன் மடங்கில் மட்டும்.

எழுத்திடைவெளியை வடிவமைப்புச் செயலியிலோ இணையப் பக்கத்திலோ கூட்டாதீர்கள். உலாவி அந்த இடைவெளியை முழு எழுத்துக்கூட்டத்துக்குப் பின்னால்தான் சேர்க்கும். "கொ" மூன்று துண்டும் நெருக்கமாகவே இருக்கும், அடுத்த எழுத்து மட்டும் தள்ளிப்போகும். தளர்வான பதிப்பு வேண்டுமென்றால் பக்க வெற்றிடத்தைக் கூட்டிய தனி வடிவத்தை எழுத்துருவிலேயே வையுங்கள்.

#12 ஒன்பது_ஊசி

சுவரொட்டிக்குப் "பழுதடைந்த அச்சு" தோற்றம் கேட்பார்கள், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் அங்கங்கே புள்ளிகளை அழித்துவிடுகிறார்கள். எந்த அச்சுப்பொறியும் அப்படிப் பழுதாவதில்லை. ஓர் ஊசி செத்தால் வரி முழுவதும் அதே வரிசையில் வெள்ளைக் கீற்று ஓடும். எல்லா எழுத்திலும் ஒரே உயரத்தில். ஆகவே கிளிஃபுகளைத் தொடாமல், ஒவ்வொரு வரியிலும் ஒரே வரிசையின்மேல் பின்னணி நிறத்தில் ஒரு பட்டை போட்டாலே போதும், உண்மையாக இருக்கும். தலை போகும்போதும் வரும்போதும் அச்சிடுவதால், சீர் கெட்ட பொறியில் ஒன்றுவிட்டு ஒரு வரி அரைப்படி விலகி நிற்கும். நெடுங்கோடு வரைந்த அட்டவணையில் அது பல்வரிசை மாதிரி தெரியும். நாடா தேய்ந்தால் மை சீராக மங்கும், புள்ளி உதிராது.

எல்இடியில் வேறு மாதிரி. விளக்குகளை ஓட்டும் நகர்வுப் பதிவகச் சில்லு ஒன்று போனால் அது ஓட்டும் விளக்குக் கூட்டம் முழுதாக இருளும் அல்லது முழுதாக எரியும். அதன் பின்னால் தொடரில் இருப்பவையும் சேர்ந்து கெடலாம். இரண்டு கருவியின் பழுதையும் ஒரே தலைப்பில் கலக்காதீர்கள்.

#13 புள்ளிக்கட்டம்

நன்றி. ப், க், ண் மூன்றையும் அரைப்படியில் வைத்துப் பார்த்தேன், நடுவில் நிற்கின்றன. பட்டியலில் கடைசியாக ஃ மட்டும். 2×2 மூன்று வைத்தால் மெய்யெழுத்துப் புள்ளி மூன்று சிதறியது மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம்?

#14 மூன்றுசுழி

ஃ மேலே தொங்கும் குறி அல்ல, தனியெழுத்து. அதனால் அதற்கு 3 வரிசை எல்லை கிடையாது, உடலின் 8 வரிசையும் அதனுடையது. அங்கே வைரத்தைப் பயன்படுத்துங்கள்: நான்கு புள்ளி, நடுவில் வெற்றிடம், 3×3. மேலே ஒன்று, கீழே இரண்டு. நடுவே 2 வரிசை வெற்றிடம் விட்டால் 3+2+3 = 8, உடல் உயரம் அப்படியே நிரம்பும். கீழே இரண்டு வைரத்துக்கு நடுவே 3 புள்ளி விட்டால் அகலம் 9. மேல் வைரம் அரைப்படி கேட்காமல் நடுவில் உட்காரும்.

○○○○●○○○○
○○○●○●○○○
○○○○●○○○○
○○○○○○○○○
○○○○○○○○○
○●○○○○○●○
●○●○○○●○●
○●○○○○○●○

1.05 விகிதத்துக்குப் போகும்போது வைரத்தின் நடு வெற்றிடம் அடையுமோ என்று பயப்பட வேண்டாம். சாய்வில் தூரம் 1.41 பிட்ச் என்பதால் நான்கும் தொட்டுக்கொள்வதே இல்லை. பலகையில் ஏற்றி 15 மீட்டரிலிருந்து பாருங்கள். அங்கே வளையம் தெரியாமல் திட்டாகத் தெரிந்தால் நடுவிலும் ஒரு விளக்கை ஏற்றி ஐந்தாக்கிவிடுங்கள். எழுத்துருவில் வளையமாகவே இருக்கட்டும்.